மூன்றாவது ஷட்டர்

நவம்பர் 3, திங்கள்

தமிழ் மிஸ் வகுப்பில் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். அழகாக எழுத வேண்டாம், உண்மையாக எழுதினால் போதுமாம். நான் இரண்டுக்கும் முயற்சி செய்யப் போகிறேன்.

என் பெயர் மிருதுளா. ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதம் திருப்பூரிலிருந்து கோயமுத்தூருக்கு வந்தோம். ஊரின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் வீடு பி பிளாக், நான்காவது மாடி. கேட் பக்கத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. மற்ற வீடுகளுக்கு நேராக இரண்டு இரண்டு பெயர்கள். எங்கள் வீட்டுக்கு நேராக அம்மாவின் பெயர் மட்டும்: சுகந்தி. இடம் போதாமல் விட்டிருப்பார்கள். திருப்பூரில் வேலை ஓய்ந்ததும் அப்பாவும் வந்துவிடுவார்.

அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். காலையில் நான் போன பிறகு கிளம்புவார். திரும்பி வர எட்டு மணி ஆகிவிடும்.

இன்று சாவியை மறந்துவிட்டேன். அதனால் அம்மா வரும் வரை கீழே கடையில் உட்கார்ந்திருந்தேன்.


நவம்பர் 5, புதன்

அந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும்.

பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் கேட் வரை ஒரு பக்கம் முள்ளும் புதருமாகக் காலி மனைகள். மறுபக்கம் எங்கள் குடியிருப்பு. சாலையைப் பார்த்தபடி கீழ்த்தளத்தில் ஆறு கடைகள் கட்டியிருக்கிறார்கள். ஐந்து ஷட்டர்கள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. மூன்றாவது மட்டும் திறந்திருக்கிறது. அது சாந்தாமணி அக்காவின் மளிகைக் கடை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த நீளமான சாலையில் அது ஒன்றுதான் வெளிச்சம்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கடையில் அவர் மட்டும்தான். உரக்கப் பேசுவார். நான் உட்கார ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்.

"என்ன அம்மிணி, இன்னைக்கும் சாவிய மறந்துட்டியா?"

"ஆமாங்க்கா."

"நல்ல புள்ள போ. புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் ஞாபகம் இருக்குது, சாவி மட்டும் மறந்துபோகுது. அக்கட்ட தள்ளி உக்காரு, மாவு பாக்கெட் எடுக்கோணும்."


நவம்பர் 12, புதன்

கணக்கு வகுப்பில் காம்பஸை எடுத்தபோது ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து சாவி கீழே விழுந்தது. எடுத்துப் பாகைமானிக்கு அடியில் வைத்தேன்.

வகுப்பில் என் பெஞ்சில் இருவர் உட்கார வேண்டும். இன்னும் யாரையும் போடவில்லை. பை வைக்க வசதியாக இருக்கிறது.

மாலையில் சாவி இல்லாததால் கடையில் இருந்தேன்.


நவம்பர் 21, வெள்ளி

சாந்தாமணி அக்கா குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். உண்மைப் பெயர் தெரியாததால் வாங்கும் பொருளை வைத்து அடையாளம் சொல்ல ஆரம்பித்தாராம். அதுவே நிலைத்துவிட்டது. ஏ பிளாக்கில் தனியாக இருக்கும் ஒருவர் தினமும் இரண்டே இரண்டு முட்டை வாங்குவார். ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். அவர் 'ரெண்டு முட்டை'. காலையில் கேட்டுக்குள் வேகவேகமாக நடைப்பயிற்சி செய்யும் ஒரு ஆன்ட்டி, மாலையில் வந்து நெய் மணக்கும் வர்க்கி ரொட்டி வாங்கிக் கடை வாசலிலேயே நின்று தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு மேலே போவார். அவர் 'வர்க்கி டயட்டு'. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து அங்கிள் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் கடைக்கு வந்து, விற்பதற்கு வைத்திருக்கும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அவர் 'ஓசிப் பேப்பர்'.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. அப்பறம் ஒருத்தரும் கடைப்பக்கம் வரமாட்டாங்க" என்றார் அக்கா.

எனக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "உனக்கெதுக்கு பேரு, நீதான் வாங்கறதே இல்லையே" என்றார். பிறகுதான் யோசித்தேன், அது உண்மை. ஒரு பென்சில் வாங்கினேன்.


டிசம்பர் 7, ஞாயிறு

லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பில்டர் ஆறு கடைகளையும் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டாராம். மூன்றாம் கடையின் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பதா, அல்லது எல்லாக் கடைகளையும் சேர்த்து இடித்து உடற்பயிற்சிக் கூடமும் விருந்துக் கூடமும் அமைப்பதா என்று ஜனவரி கடைசியில் பொதுக்குழு முடிவு செய்யும்.

அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். "கடை இருந்தா நல்லதுதான் கண்ணு. ஆனா கடைக்கு வர்றவங்க வண்டியெல்லாம் நம்ம கேட்டை மறிச்சு நிக்குதுங்கறாங்க. கீழ் வீட்டுக்காரங்க எலி வருதுங்கறாங்க. அவங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது" என்றார். அப்பாவின் சட்டை ஒன்று எங்கள் துணிகளோடு எப்படியோ வந்திருந்தது. அதையும் மடித்துத் தனியாக வைத்தார்.


டிசம்பர் 14, ஞாயிறு

பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கிறார்கள். தலைப்பு: 'அடுக்குமாடிக் குடியிருப்பில் கடைகள் - வசதியே? தொல்லையே?' நடுவர் நாச்சிமுத்து அங்கிள். பேச விரும்பும் மாணவர்கள் பெயர் கொடுக்கலாம்.

நான் உடனே போய் 'வசதியே' அணிக்குப் பெயர் கொடுத்தேன். அந்த அணி நிரம்பிவிட்டது.

"தொல்லை அணியில ஒரு ஆளு குறையுது பாப்பா. நீ நல்லாப் பேசுவேன்னு உங்க ஸ்கூல் பஸ் டிரைவரே சொன்னாரு. பேச்சுத்தானே, எந்த அணியா இருந்தா என்ன?" என்றார் அங்கிள்.

இந்தக் குடியிருப்புக்கு வந்ததிலிருந்து என்னை ஒருவர் தேடிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.


டிசம்பர் 15, திங்கள்

பயந்துகொண்டே அக்காவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ற கடைய எதுத்தா பேசப்போற? அட, நல்லாப் பேசு அம்மிணி! பட்டிமன்றத்துல பேசறத யாரு நெசமுன்னு எடுத்துக்கறாங்க? எங்க ஊர்ல மாமியாரா மருமகளான்னு ஒருக்கா வெச்சாங்க. மருமகள் பக்கம் நின்னு கிழிகிழின்னு கிழிச்சுதே ஒரு அம்மா, அது வீட்டுல மருமகளுக்குச் சோறே போடாது."

பிறகு அவரே எனக்குக் குறிப்பு சொல்ல ஆரம்பித்தார். "எலின்னு சொல்லு. காலங்காத்தால ஷட்டர் தூக்கற சத்தத்தச் சொல்லு. பால் வண்டி வந்து நிக்கறதச் சொல்லு. ஐஸ்கிரீம் தின்ன கப்பக் கீழ போட்டுட்டுப் போறானுங்க, நான்தான் கூட்டறேன், ஆனா அத நீ சொல்லாத!"

என் வாழ்க்கையில் இவ்வளவு மகிழ்ச்சியாக நான் எந்தப் பேச்சுக்கும் தயார் செய்ததில்லை.


ஜனவரி 4, ஞாயிறு

அரையாண்டு விடுமுறை முடிகிறது. விடுமுறையில் சாவியை மறக்க வழியில்லாததால் சர்க்கரை, தீப்பெட்டி, எலுமிச்சம்பழம் என்று தனித்தனியாக வாங்கப் போனேன். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொன்னார். எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பேசுவதைக் கேட்பார்.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அப்பாவுக்கு வேலை.


ஜனவரி 18, ஞாயிறு

இன்று பொங்கல் விழா. எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பி பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில் பந்தல் போட்டிருந்தார்கள். கரும்பு எல்லாம் சாந்தாமணி அக்கா இலவசமாகக் கொடுத்தது. எனக்கு முன்னால் 'வசதியே' அணியில் பேசிய பையன், "ராத்திரி பத்து மணிக்கு மாவு தீர்ந்துபோனால் மனைவியிடம் அடி வாங்கப்போவது யார்?" என்று கேட்டான். அவனுக்கு வயது பதினொன்று. பந்தலே கைதட்டியது.

நான் எலியைச் சொன்னேன். அமைதி. ஷட்டர் சத்தத்தைச் சொன்னேன். ஒருவர் இருமினார். வாகன நெரிசலைச் சொன்னபோது பின்வரிசையில் சிலர் எழுந்து பொங்கல் வாங்கப் போனார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அப்போது நான் சொன்னேன்: "நடுவர் அவர்களே! கடை கீழே இருந்தால் நம் ரகசியம் எதுவும் மேலே இருக்காது! யார் வீட்டில் தினமும் இரண்டு முட்டை உடைகிறது என்று கடைக்குத் தெரியும். காலையில் டயட், மாலையில் வர்க்கி என்று இருப்பவர் யார் என்று கடைக்குத் தெரியும். ஓசியில் பேப்பர் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் வைக்கும் மகா திறமைசாலி யார் என்றும் கடைக்குத் தெரியும்! 'ரெண்டு முட்டை வந்தாச்சு, ஓசிப் பேப்பர் இன்னும் காணோமே!'"

கடைசி வரியை அக்காவின் குரலிலேயே சொன்னேன். எனக்கு அது நன்றாக வரும்.

இடி இடித்தது போலச் சிரிப்பு. எல்லோரும் நாச்சிமுத்து அங்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் காது மட்டும் சிவந்துவிட்டது. வர்க்கி வாங்கும் ஆன்ட்டி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கைதட்டல் நிற்கவே இல்லை. யாரென்றே தெரியாதவர்கள் வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்கள். "எந்த வீட்டுப் பொண்ணு இது?" என்று கேட்டார்கள்.

நடுவர்கள் எப்போதும் இரண்டு பக்கமும் சரி என்றுதான் முடிப்பார்கள். நாச்சிமுத்து அங்கிள் அப்படி முடிக்கவில்லை. "தொல்லையே!" என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கா ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் கரும்புக் கட்டோடு நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. விளக்கு என் கண்ணில் அடித்தது.

அப்பாவுக்கு வீடியோவை அனுப்பினேன். கைதட்டும் படம் ஒன்று வந்தது.


ஜனவரி 19, திங்கள்

சாவியை மறந்துவிட்டேன். கடைக்குப் போனேன்.

"என்ன வேணுங்க?" என்றார் அக்கா.

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"பென்சில்" என்றேன்.

கொடுத்தார். பால் கிரேட்டின் மேல் அரிசி மூட்டை இருந்தது. அரிசி புதிதாக வந்திருக்கும்.


ஜனவரி 20, செவ்வாய்

மாடிப்படியில் உட்கார்ந்து வரலாறு படித்தேன். சாவி இல்லை.


ஜனவரி 22, வியாழன்

படியில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு விளக்கு இருக்கிறது. ஆள் அசைந்தால் எரியும். படிக்கும்போது அணைந்துவிடுகிறது. அவ்வப்போது கையை ஆட்ட வேண்டும்.

படி ஜன்னலிலிருந்து கடை தெரிகிறது. நாச்சிமுத்து அங்கிள் இந்த வாரம் பேப்பர் படிக்க வரவில்லை. வர்க்கி ஆன்ட்டியும் வரவில்லை. அக்கா வாசலைக் கூட்டினார். உள்ளே போனார். திரும்ப வந்து, கூட்டிய இடத்தையே கூட்டினார்.


ஜனவரி 25, ஞாயிறு

பொதுக்குழு. பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, ஆனாலும் அம்மாவோடு போனேன்.

நாச்சிமுத்து அங்கிள், "இதுல பேச என்ன இருக்குதுங்க? பட்டிமன்றத்துலயே தீர்ப்பாயிருச்சே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கடையைப் பற்றிப் பேச யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும், "நாம என்ன வாங்கறோம் என்ன திங்கறோம்னு ஒருத்தர் உக்காந்து கணக்கெடுக்கறது எனக்குப் பிடிக்கலீங்க" என்றார். பல தலைகள் ஆடின.

நான் எழுந்தேன்.

அன்று நான் பேசியது பட்டிமன்றத்துக்காக என்றேன். அந்தப் பெயர்கள் அக்கா கேலிக்கு வைத்தவை அல்ல, நம் உண்மைப் பெயரை நாம் யாரும் அவருக்குச் சொன்னதே இல்லை என்றேன். எலி வந்தால் குப்பையை மூடி வைக்கலாம், வண்டி நிறுத்தக் கோடு போடலாம், ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை வெளிச்சத்துக்கும் ஆளுக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். போன மாதம் சி பிளாக் தாத்தா ஒருவர் சாலையில் மயங்கி விழுந்தபோது ஓடிப்போய்த் தூக்கியது கடையிலிருந்து பார்த்த அக்காதான். உடற்பயிற்சிக் கூடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காது என்றேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "அந்தக் கடை இல்லையென்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா வரும் வரை நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டேன்.

நான் உட்கார்ந்தேன்.

பிறகு கைதட்டினார்கள். அன்று போலவே, பலமாக.

"பார்த்தீங்களா, இந்தப் பக்கம் நின்னாலும் அதே மாதிரி வெளுத்து வாங்குது!" என்றார் நாச்சிமுத்து அங்கிள். "என்னமா ஏத்த இறக்கம்! வக்கீலுக்குப் படிக்க வையுங்க சுகந்தி."

கை தூக்கச் சொன்னார்கள். கடை வேண்டும் என்று தூக்கிய கைகளில் ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று இரண்டு முட்டை வாங்குபவருடையது. அவர் பெயர் ஜெகந்நாதன் என்று இன்றுதான் தெரிந்தது. இன்னும் சில கைகள். போதவில்லை.

லிஃப்டில் நானும் அம்மாவும் மட்டும்.

"உங்கிட்டத்தான் ஒரு சாவி இருக்குதுல்ல?" என்றார் அம்மா.

"இருக்கு."

நான்காவது மாடி வந்துவிட்டது. அம்மா இறங்காமல் கொஞ்ச நேரம் நின்றார். கதவு மூடப் பார்த்தது, கையை வைத்துத் தடுத்தார்.

"சீக்கிரம் வரப் பாக்கறேன் கண்ணு" என்றார்.


ஜனவரி 31, சனி

அக்கா கடையைக் காலி செய்கிறார். அன்னூரில் அவருடைய தம்பி கடையில் ஒரு பக்கம் இடம் கொடுத்திருக்கிறாராம். சாமான்களைச் சின்ன லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் கேட்டுக்கு உள்ளேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் பிறகு போனேன்.

"என்னங்க..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அழகாகச் சொல்ல நாலு வரி தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அக்கா" என்றேன். அவ்வளவுதான்.

"வுடு அம்மிணி" என்றார். "எனக்கும் ரெண்டு நாள் வவுறு எரிஞ்சுது, இல்லீன்னு சொல்லல. என்ற குரல்லயே பேசிப்போட்ட பாரு, அதுதான். கூட்டத்துல அப்பறம் எனக்காகப் பேசுனியாமா. ரெண்டு முட்டை வந்து சொன்னாரு."

"ஜெகந்நாதன்" என்றேன்.

"அதாரு?"

"அவர்தான்."

"ஓ, பேரு இருக்குதா அவருக்கு!" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை.

காலிக் கடையில் பால் கிரேட் மட்டும் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அக்கா தரையைக் கூட்டினார்.

"உன்ற பென்சில் டப்பாவுல தெனமும் கிலுகிலுங்குமே, அதென்ன அம்மிணி?"

நான் கிரேட்டின் ஓட்டையில் விரலை விட்டுத் திருகினேன்.

"மொத நாளே தெரியும் எனக்கு. காது கேக்காதாக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கலீங்க்கா?"

"கேட்டா மேல போயிருவியே" என்றார். குப்பையை முறத்தில் அள்ளினார். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஈ காக்கா வராது இந்த ரோட்டுல. நானும் ஆருகிட்டப் பேசறது?"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா கிரேட்டை எடுக்க நான் எழுந்து நின்றேன். அப்போதுதான் கேட்டேன்.

"எனக்கும் ஒரு பேர் வெச்சிருந்தீங்கதானே?"

"பின்ன இல்லாம?"

"என்ன பேரு?"

"சாவி" என்றார். "தம்பி போன் பண்ணி என்ன பண்றேன்னு கேட்டான்னா, 'சாவி வர்ற நேரமாச்சு, அப்பறம் பேசறேன்'னு வெச்சுருவேன்."

ஷட்டரை இழுக்க என்னையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார். வீட்டிலிருந்து கேட்டதைவிட வெளியே அதன் சத்தம் அதிகம். பட்டிமன்றத்தில் நான் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரிதான்.


பிப்ரவரி 2, திங்கள்

பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை ஒரு பக்கம் காலி மனைகள், மறுபக்கம் ஆறு ஷட்டர்கள். மூன்றாவதன் முன்னால் ஒரு மாவு பாக்கெட்டின் உறை கிடந்தது. எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கடை எப்போது திறப்பார்கள் என்று பைக்கில் வந்த ஒருவர் கேட்டார். திறக்க மாட்டார்கள் என்றேன்.

ஜெகந்நாதன் அங்கிள் கேட் அருகில் நின்றிருந்தார். கையில் பை ஒன்றும் இல்லை. "முட்டைக்கு மெயின் ரோடு வரைக்கும் போகோணும் போலிருக்குது" என்றார். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

நான்காவது மாடி. கதவில் பூட்டு.

இன்று சாவியை மறக்கவில்லை.